ஊறப்போட்ட தரை

மனைவி நர்ஸ். இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் விழித்திருந்துவிட்டு, ஊரே வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் வீட்டுக்கு வந்து படுப்பாள். புருஷன் வீட்டிலிருந்தே கடிகாரம் பழுது பார்ப்பவர். விரல்கள் பூப்போல வேலை செய்யும். கால்கள் மட்டும் உரல் உருளுகிற மாதிரி. உதிரிச் சாமான்கள் எல்லாம் படுக்கையறை பீரோவில். அவர் உள்ளே ஓர் அடி வைத்தால் தரை 'டொக்' என்னும். அவள் கண்ணைத் திறப்பாள்.

சில டைல்களுக்கு அடியில் கலவை பிடிக்காமல் பொக்கையாக இருந்ததுதான் காரணம். போட்டவர் அவளுடைய அண்ணன். அதனால் அந்தக் காரணத்தை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"இனிமேலும் தூங்க முடியலைன்னா ஆஸ்பத்திரி ஹாஸ்டல்லயே ஒரு கட்டில் கேட்டுக்கறேன்," என்றாள் ஒருநாள். கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் பயந்திருக்க மாட்டார். கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னாள்.

அப்படித்தான் தோல் தரை வந்தது. கடிகார வார் விற்பவர் சொன்ன யோசனை: தடித்த மாட்டுத்தோலைச் சதுரமாக வெட்டிப் பழைய தரைமேலேயே ஒட்டிவிடலாம், சத்தத்தை அது விழுங்கிவிடும்.

தோல் வந்த பெட்டியைத் திறந்ததும், ஒட்டிக்கொடுக்க வந்திருந்த மச்சான், அதாவது அவளுடைய அண்ணன், ஒரு துண்டை முகர்ந்தார், மடக்கினார், ஓரத்தைக் கடித்தும் பார்த்தார்.

"மாப்ள, இதென்ன கோடு?"

"மாடு முள்வேலில உரசியிருக்கும், மச்சான்."

"அப்ப, செருப்பை வாசல்ல கழட்டிட்டு வந்து செருப்பு மேலயே நடக்கப் போறீங்க."

புருஷன் பசை வாங்கிக்கொண்டு திரும்பியபோது, பாதிப் பெட்டி குளியலறைத் தொட்டிக்குள் கிடந்தது. தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது.

"என்ன மச்சான் இது?"

"டைல்ஸ்னா ஒட்டறதுக்கு முன்னாடி ஊறப் போடணும்ல..." சொல்லிக்கொண்டு வரும்போதே மச்சானின் குரல் இறங்கியது. "கை பாட்டுக்குப் போட்டுடுச்சு."

பலகைகளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான பெட்டிகளை ஏற்றி, நிழலில் காயவைத்தார்கள். காய்ந்து வெளியே வந்த துண்டுகள் சுருங்கி, கருத்து, ஓரம் தூக்கிக்கொண்டு நின்றன. வேலை முடிந்து வந்தவள் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"நாய் கடிச்சதா அண்ணா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஹால் சோபாவில் போய்ப் படுத்துத் தலையணையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டாள். ஹாஸ்டல் கட்டில் புருஷன் கண்முன் வந்து போனது.

மச்சான் நனையாத துண்டுகளை அறை வாசலிலிருந்து பீரோ வரைக்கும் ஒட்டினார். ஒவ்வொன்றையும் தட்டி, காதை வைத்துக் கேட்டு, உருளையால் அழுத்தினார். சுருங்கியவற்றைச் சீராக நறுக்கிக் கட்டிலுக்கு அடியில் ஒட்டினார். மறைக்க வேண்டியதை மறைப்பதில் அவருக்கு அனுபவம் உண்டு.

மறுநாள் காலை அவள் படுத்தாள். மூச்சு சீராகும்வரை காத்திருந்து புருஷன் உள்ளே போனார். வெறுங்காலுக்குக் கீழே தரை வெதுவெதுப்பாக, லேசாக அமுங்கிக் கொடுத்தது. பழைய பொக்கை இருந்த இடத்தில் முழு உடம்பையும் இறக்கி நின்றார். ஒன்றுமில்லை. அவள் புரண்டு, போர்வையை இழுத்து, குறட்டையைத் தொடர்ந்தாள்.

பீரோவில் அவருக்கு எதுவும் தேவைப்படவில்லை. ஆனாலும் போனார், வந்தார், மறுபடி போனார். இந்தப் பெருமையை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்பிச் சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

திரும்பினால், வாசலில் மச்சான் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"நகருங்க மாப்ள," என்றார் காதோடு. "நானும் ஒரு நடை போய்ட்டு வரேன்."