மூன்றில் ஒருத்தி, பன்னிரண்டில் ஒருத்தி

நவம்பர் பிறந்துவிட்டால் ஹெஸ்டர் குவிம்பியின் வீடு முழுக்கப் பிள்ளைகள். பெற்ற பிள்ளைகள் இல்லை. அவளுக்குக் கல்யாணமும் இல்லை, காட்சியும் இல்லை. எல்லாம் காகிதத்தில் வந்த பிள்ளைகள்.

வெர்மான்ட் மலைச்சரிவில் ஆல்டர் ஹில் என்றொரு சின்னக் கல்லூரி. சின்னதுதான், ஆனால் அதற்குள் கால் வைக்க நாடு முழுக்க அடிதடி. யாரைச் சேர்ப்பது, யாரைத் திருப்பி அனுப்புவது என்று விண்ணப்பங்களைப் படித்துச் சொல்கிற ஐந்து பேரில் ஹெஸ்டர் ஒருத்தி. வடக்கு மாநிலங்களெல்லாம் அவள் பங்கு. இருபது வருஷமாக அதே வேலை.

முன்சேர்க்கை விண்ணப்பங்கள்தான் முதலில் வரும். இந்த வருஷம் அறுநூற்றுப் பத்து. முன்சேர்க்கை என்றால், 'எனக்கு இந்த ஒரு கல்லூரிதான் வேண்டும், இடம் கொடுத்தால் கட்டாயம் வருவேன்' என்று பிள்ளை கையெழுத்துப் போட வேண்டும். பெற்றவர் ஒருவர் போட வேண்டும். பள்ளிக்கூடத்து ஆலோசகரும் போட வேண்டும். இப்படி வாக்குக் கொடுத்து வருகிறவர்களில் மூன்றில் ஒருவருக்கு இடம் உண்டு. வாக்குக் கொடுக்காமல் வசந்தகாலம் வரை காத்திருக்கிறவர்களுக்கோ பன்னிரண்டில் ஒருவருக்குத்தான். பதினேழு வயதுப் பிள்ளை இருக்கிற எந்த வீட்டிலும் இந்தக் கணக்கைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஹெஸ்டர் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து படிப்பாள். ஒரு நாளைக்கு முப்பது பேர். வெளியே பனி விழும், சத்தமே இருக்காது. மத்தியானம் தாண்டினால் வெளிச்சம் பால் கலந்த மாதிரி மங்கும். அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காகிதத்தை விட்டு எழுந்து வருவார்கள். ஒருவன் மாடிப்படியில் உட்கார்ந்து செல்லோ வாசிப்பான். ஒருத்தி தவளையின் இதயத்தைப் பற்றி அடுப்போடு பேசிக்கொண்டிருப்பாள். இரண்டு பேர் அலமாரிக்குப் பின்னால் விவாதம் நடத்துவார்கள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க கண்ணுகளா, தேநீர் போடணும்" என்று ஹெஸ்டர் சொல்லிக்கொண்டே எழுவாள். அவர்களும் தள்ளி நிற்பார்கள். நல்ல பிள்ளைகள், பாவம்.

அவர்களில் ஒருத்தி மட்டும் கதவுப் பக்கத்திலேயே நின்றாள். உள்ளே வா என்று சொன்னால்தான் வருவேன் என்பதுபோல. அவள்தான் ஓடீல் மிஷோ.

அவளை ஹெஸ்டர் நேரிலும் பார்த்திருந்தாள். மெய்ன் மாநிலத்தின் வடகோடியில் உருளைக்கிழங்கு விளைகிற சீமை. அங்கே செப்டம்பர் கடைசியில் கிழங்கு எடுப்புக்காகப் பள்ளிக்கூடத்தையே மூன்று வாரம் மூடிவிடுவார்கள். இருபது வருஷ அனுபவம் இருந்தும் ஹெஸ்டர் இந்த முறை அதை மறந்துபோனாள். கல்லூரியைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச ஒரு நாள் முழுக்கக் கார் ஓட்டிக்கொண்டு போய்ப் பார்த்தால் பள்ளிக்கூடக் கதவில் பூட்டு. தரை துடைத்துக்கொண்டிருந்த ஆள் ஜன்னலைத் திறந்து, எல்லாரும் வயலில் இருக்கிறார்கள், பேச வேண்டுமென்றால் அங்கேதான் போகணும் என்று சிரித்துவிட்டு மூடிக்கொண்டான்.

போனாள். அறுவடை இயந்திரத்தின் மேல் நாலைந்து பேர் வரிசையாக நின்று, பட்டையில் ஓடிவரும் கிழங்குகளுக்கு நடுவே இருக்கும் கல்லைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார்கள். ஓடீலின் முகத்தில் கண்ணைத் தவிர எல்லாம் மண். ஹெஸ்டர் இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் கணக்குச் சொன்னாள்: இப்போது கேட்டால் மூன்றில் ஒன்று, வசந்தத்தில் கேட்டால் பன்னிரண்டில் ஒன்று.

"மூணுல ஒண்ணா?" என்றாள் ஓடீல், கையை நிறுத்தாமல். "எங்க அப்பா நாளைக்கு மழை வராதுன்னு சொன்னா அதுக்கு இதைவிடக் கம்மியாத்தான் நம்பிக்கை வைப்போம்."

அந்தப் பெண் எழுதிய கட்டுரை இரண்டே பக்கம். கையுறைக்குள் இருக்கும் விரலுக்குக் கல் எது, கிழங்கு எது என்று மனசுக்கு முன்னால் எப்படித் தெரிகிறது என்பதைப் பற்றி. கடைசியில், இதை யாராவது எனக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமென்றால் அது உங்கள் கல்லூரியின் மூளையியல் ஆசிரியர்கள்தான், வேறு எங்கும் எனக்குப் போக வேண்டியதில்லை என்று எழுதியிருந்தாள். ஹெஸ்டர் அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் முதல் வாரம் ஐந்து பேரும் கூடி உட்கார்ந்தார்கள். ஓடீலுக்கு ஐந்தில் நாலு கை உயர்ந்தது. அந்த வாரம் ஹெஸ்டர் தரையில் நடந்தாளா, தரைக்கு ஒரு சாண் மேலே நடந்தாளா என்று அவளுக்கே தெரியாது. கடையில் மாவுக்குப் பதில் சோடா உப்பு வாங்கி வந்துவிட்டாள்.

ஆனால் கேளுங்கள், கை உயர்ந்தால் மட்டும் போதாது. முடிவு வெளியாகும் வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள் கத்தரிப்பு என்று ஒன்று நடக்கும். அதை வெளியாட்களுக்குச் சொல்வதில்லை. முன்சேர்க்கைக்கு ஒதுக்கியது இருநூறு இடம். கை உயர்ந்ததோ இருநூற்றொன்பது பேருக்கு. ஒன்பது பேரை வசந்தத்துக்குத் தள்ளிவைக்க வேண்டும். தள்ளிவைத்தால் அவர்கள் ஆறாயிரம் பேரோடு மறுபடி வரிசையில் நிற்பார்கள்.

சேர்க்கைத் தலைவர் ஆல்டன் ப்ரௌட்டி கெட்டவர் இல்லை. கத்தரிப்பு நாளன்று தன் கையால் ஓட்ஸ் பிஸ்கட் சுட்டுக் கொண்டுவருவார், யாரும் சாப்பிடமாட்டார்கள். அவர் கேட்பது ஒரே கேள்விதான்: ஏப்ரலிலும் நம்மையே வேண்டும் என்று நிற்கப்போவது யார்? அப்படி நிற்கிறவர்களைத்தான் பயமில்லாமல் தள்ளிவைக்கலாம்.

எட்டுப் பேர் முடிந்தது. ஒன்பதாவதற்கு இரண்டு காகிதம் மேஜையில் கிடந்தது, இரண்டும் ஹெஸ்டரின் பங்கு. ஒன்று பாஸ்டன் பையன் ஒருவனுடையது. மற்றது ஓடீலுடையது.

"அந்த உருளைக்கிழங்குப் பொண்ணு நிப்பா, ஹெஸ்டர்" என்றார் ஆல்டன். "அவ எங்கயும் போகமாட்டா, அவளே எழுதியிருக்கா. இந்தப் பையனை இப்ப விட்டா ஜனவரியிலயே வேற கல்லூரிக்கு வாக்குக் குடுத்துருவான்."

"அப்ப விசுவாசமா இருக்கறதுக்குத் தண்டனையா, ஆல்டன்?"

"தண்டனைன்னு யாரு சொன்னா? தள்ளிவைக்கிறோம்."

"பன்னிரண்டுல ஒண்ணுக்குத் தள்ளிவைக்கிறீங்க."

"அதான் நீ இருக்கியே. உனக்கு அவ பன்னிரண்டுல ஒண்ணா?"

மற்ற மூன்று பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். ஓடீலின் பெயரைச் சுற்றி ஆல்டன் பென்சிலால் ஒன்பதாவது வட்டத்தைப் போட்டார். கிளம்பும்போது, யாருக்கும் தானாகப் போன் போட்டு எதையும் விளக்கிக்கொண்டிருக்காதே, சொல்ல வேண்டியதெல்லாம் கடிதத்தில் இருக்கிறது என்றும் அவளைப் பார்த்துச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கல்லூரியின் இணையப் பக்கத்தில் முடிவு திறந்தது. ஹெஸ்டர் அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நாடு முழுக்க அறுநூற்றுப் பத்து வீடுகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. பிறகு அத்தனை மூச்சும் ஒன்றாக வெளியே வந்து மலைச்சரிவில் வெள்ளையாக நகர்ந்து போனது. எது சிரிப்பு, எது அழுகை என்று அதில் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஹெஸ்டர் ஓடீலின் வீட்டுக்குப் போன் போட்டாள். ஆல்டன் சொன்னது காதில் இருந்தது, இருந்தாலும் போட்டாள். இது 'இல்லை' என்று அர்த்தமில்லை, எனக்காகக் காத்திரு என்று சொல்லத்தான் போட்டாள். எடுத்தது அப்பா அர்மான் மிஷோ.

"கல்லூரியா? கடிதம் நேத்தே கம்ப்யூட்டர்ல வந்துச்சுங்க" என்றார் அவர். "பாதி 'இல்லை'ங்கறதைச் சொல்ல உங்க ஊர்ல இவ்வளவு நீளமாவா எழுதுவாங்க? இருங்க. ஓடீல், உன் ஆளு."

ஓடீலின் குரலில் அழுத அடையாளம் இல்லை. ஆலோசகர் விளக்கிவிட்டாராம், மார்ச்சில் திரும்பப் பார்ப்பார்களாம், காத்திருப்பதில் சங்கடமில்லையாம். வேறு எங்கே விண்ணப்பம் போட்டிருக்கிறாய் என்று ஹெஸ்டர் பேச்சுவாக்கில் கேட்டாள்.

"எங்கயும் இல்லையே" என்றாள் ஓடீல். "உங்களுக்குத்தான் வாக்குக் குடுத்துட்டேனே. கடலோரக் கல்லூரி ஒண்ணுலேர்ந்து, எங்ககிட்ட வான்னு அக்டோபர் முதலா எழுதிக்கிட்டே இருந்தாங்க. நான் வேற இடத்துல கையெழுத்துப் போட்டாச்சுன்னு பதில் எழுதிட்டேன். அதான் முறை, இல்லையா மிஸ் குவிம்பி?"

ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது, ஒவ்வொரு பிசிறும் இறங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல. மற்றப் பிள்ளைகளெல்லாம் ஒரு வாக்கை இங்கே கொடுத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் பத்துக் கல்லூரிக்கு எழுதி மேஜைக்குள் வைத்திருப்பார்கள். அது தப்புமில்லை, விதி அதை அனுமதிக்கிறது. இந்தப் பெண்ணின் ஊரில் கையெழுத்து என்றால் கையெழுத்து. கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டாள்.

காத்திரு என்ற ஒரு சொல் போதும். ஏப்ரலில் இவள் இங்கேதான் இருப்பாள், கிடைத்தால். கிடைக்காவிட்டால் எந்தக் கல்லூரியிலும் இருக்கமாட்டாள். வேறு கல்லூரிகளுக்கு எழுத ஜனவரி முதல் தேதிதான் கடைசி நாள்; பன்னிரண்டு நாள்தான் பாக்கி. அந்தச் சொல் ஹெஸ்டரின் நாக்கு நுனியில் சர்க்கரைபோல உட்கார்ந்திருந்தது. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தது என்று எனக்கும் சொல்லத் தெரியாது. மறுமுனையில் அந்தப் பெண் பொறுமையாக இருந்தாள்.

"ஓடீல், அந்தக் கடிதத்துல ஏழாவது வரியை எனக்குப் படிச்சுக் காட்டு."

அவள் படித்தாள். வக்கீல் பாஷை. 'முன்னர் அளிக்கப்பட்ட உறுதிமொழியிலிருந்து விண்ணப்பதாரர் இத்துடன் விடுவிக்கப்படுகிறார்.' படித்துவிட்டு, "அப்படின்னா?" என்றாள்.

"அப்படின்னா நேத்து மூணு மணியோட உன் வாக்கு முடிஞ்சுபோச்சு."

"நான் முடிக்கலையே."

"நாங்க முடிச்சிட்டோம்."

"அது ரெண்டு பக்கத்து வாக்குன்னு நினைச்சேன்" என்றாள் ஓடீல்.

"இல்லம்மா. அது உன் பக்கத்து வாக்கு மட்டும்தான்."

பின்னால் அப்பா என்னவோ கேட்டார். அவள் தங்கள் வீட்டுப் பிரெஞ்சில் சொன்னாள், அவர் பதில் சொன்னார். "பழைய டிராக்டர் விக்கிறவன்கூட இப்படி ஒரு கையெழுத்துக் கேக்கமாட்டானாம்" என்றாள் ஓடீல், போனுக்குத் திரும்பி. அவள் குரல் அப்போதுதான் லேசாக நடுங்கியது.

ஹெஸ்டர் வேகமாகச் சொன்னாள், நிறுத்தினால் சொல்லமாட்டோம் என்ற பயத்தில். கடலோரக் கல்லூரிக்கு இன்றைக்கே எழுது. நான் விடுபட்டுவிட்டேன் என்று சொல். இன்னும் மூன்று இடத்துக்கு அனுப்பு. ஜனவரி மதிப்பெண்ணை எங்களுக்கும் அனுப்பு.

"உங்களுக்கு நான் வேணாமா?"

"எனக்கு நீ வேணும்" என்றாள் ஹெஸ்டர். "ஆனா வேணும் வேணாம்னு முடிவு சொல்ற ஆளு நான் இல்ல. அதனாலதான் எல்லா இடத்துக்கும் எழுதச் சொல்றேன்."

மார்ச்சில் ஐந்து கையும் உயர்ந்தது. ஆறாயிரம் பேரில் ஐந்நூறு பேர். ஓடீல் பன்னிரண்டில் ஒருத்தி ஆனாள். "நிப்பான்னு சொன்னேன்ல" என்றார் ஆல்டன். ஹெஸ்டர் அவருடைய பிஸ்கட்டில் ஒன்றை எடுத்து, வாழ்க்கையில் முதல்முறையாகக் கடித்துப் பார்த்தாள். மோசமில்லை.

ஏப்ரல் கடைசியில் ஒரு காலை போன் வந்தது.

"இணையப் பக்கத்துல பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி உங்ககிட்ட வாயால சொல்லணும்னு தோணுச்சு" என்றாள் ஓடீல். "நான் வரலை, மிஸ் குவிம்பி. அந்தக் கடலோரக் கல்லூரிக்குப் போறேன். ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்தேன். அங்க ஒரு அம்மா நண்டோட கொடுக்குல நரம்பு எப்படி ஓடுதுன்னு பத்து வருஷமாப் பாத்துக்கிட்டிருக்காங்க. என்னைக் கையை விட்டுத் தொட்டுப் பாக்கச் சொன்னாங்க."

நண்டு கடித்ததா என்று மட்டும் ஹெஸ்டர் கேட்டாள்.

"கடிச்சுது. அப்பா சிரிச்சாரு." பிறகு கொஞ்சம் தயங்கி, "உங்களுக்குக் கஷ்டமா இருக்கா?"

"இருக்கு" என்றாள் ஹெஸ்டர். "நாள் முழுக்க இருக்கும். நீ போய் பட்டனை அழுத்து."

போனை வைத்துவிட்டு அவள் கணினியின் முன்னால் உட்கார்ந்து காத்திருந்தாள். கால்மணி நேரத்தில் ஓடீல் மிஷோ என்ற பெயருக்கு எதிரே 'வரவில்லை' என்று விழுந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அறை மெல்ல மெல்ல வெளிச்சமானது. எங்கிருந்தோ உப்புக் காற்று அடித்த மாதிரி இருந்தது. அவள் இருந்த இடத்திலிருந்து கடலுக்கு நாலு மணி நேரத் தூரம்.