பதினான்கு கிலோ

“அங்க ஆணி எறங்காது, அடியில பாறை,” என்றார் என் வீட்டுக்காரர். கூடாரத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். அவர் ஆணியை வைத்துக்கூடப் பார்க்கவில்லை. புல் மூடிய தரை, எல்லா இடமும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. நாலடி தள்ளிப் போய் அடித்தார், சொன்ன பேச்சுக் கேட்டு இறங்கியது. இந்தக் காட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை என்று காரில் வரும்போதுதான் எங்கள் பெரிய மகளிடம் சொல்லியிருந்தார். ஆணி இறங்கியதுமே எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

நான் வாகன இன்சூரன்ஸ் அலுவலகத்தில் விபத்துக் கேஸ்களைச் சரிபார்க்கிறவள். நாய் குறுக்கே வந்தது, கம்பத்தில் மோதிவிட்டேன் என்று எழுதிக் கொடுப்பவரிடம், நாய் எந்தப் பக்கமிருந்து வந்தது, மோதிய பிறகு எந்தப் பக்கம் போனது என்று கேட்டுக் கேட்டே பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. அந்தப் புத்தியை அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வர முடிவதில்லை. வீட்டில் பிஸ்கட் காணாமல் போனால்கூடப் பிள்ளைகளைத் தனித்தனியாக உட்கார வைத்து விசாரிப்பேன். இவர் சிரிப்பார். இவர் லிஃப்ட் மெக்கானிக். ஒளிக்கத் தெரியாத மனுஷர் என்றுதான் அன்றுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று சனிக்கிழமை, சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு தடயங்கள் சிக்கின. கழிப்பறைக்குப் பின்னால் ஒரு குழாய் இருந்தது, முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. “பின்னாடி குழாய் இருக்கு, அங்க கால் கழுவிக்கோ,” என்று பெரியவளை அனுப்பினார். அப்புறம் முதல் அருவியைப் பார்க்கப் போனோம். பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் வழிகாட்டிப் பலகை குப்புற விழுந்து கிடந்தது. அருவிக்கு வந்த மற்றவர்கள் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருக்க, இவர் பாட்டுக்கு இடது பக்கம் நடந்தார். “எப்படித் தெரியும்?” என்றேன். “தண்ணிச் சத்தம் கேக்கல?” என்றார். கேட்டது. இரண்டு பக்கமிருந்தும்தான் கேட்டது.

இவர் முன்பே இங்கே வந்திருக்கிறார். யாருடன் வந்திருப்பார்? அதுதான் கேள்வி. தனியாகக் காட்டுக்கு வந்து அருவி பார்க்கிற ரகமில்லை இவர், லீவு கிடைத்தால் போர்த்திக்கொண்டு தூங்குகிற ஆள். அப்போது அந்தச் செவ்வாய்க்கிழமை ஞாபகத்துக்கு வந்தது. போன மாதம். ஷூ முழுக்கச் சேறாக வந்தார். லிஃப்ட் பள்ளத்தில் தண்ணீர் நின்றதாம், இறங்கி வேலை பார்த்தாராம். நானும் தலையை ஆட்டிவிட்டு அந்த ஷூவைக் கழுவி வெயிலில் வைத்தேன். எனக்கே காதில் பூ சுற்றியிருக்கிறார் என்று நினைத்தபோது உடம்பெல்லாம் எரிந்தது.

ஞாயிறு காலை இன்னொன்று. சின்னவளுக்கு மூன்று வயது. அவளை உட்காரவைத்துச் சுமக்கிற முதுகுப்பை ஒன்று வைத்திருக்கிறோம். எப்போதும் அதை மாட்டிக்கொள்வது அவர்தான். அன்று அதைத் தூக்கி என் பக்கம் வைத்து, “இன்னைக்கு நீ சுமந்துக்கோயேன்,” என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் ஷூ லேஸைக் கட்டப் போனார். கட்ட ரொம்ப நேரமாயிற்று. ஓஹோ, கையை வீசிக்கொண்டு நடக்க வேண்டுமோ துரைக்கு என்று நினைத்துக்கொண்டே மாட்டிக்கொண்டேன். பதினான்கு கிலோ. ஏற்றத்தில் அது நாற்பது கிலோவாகக் கனத்தது.

இரண்டாவது அருவிக்குப் பக்கத்தில் ஒரு அம்மா சோளம் வேகவைத்து விற்றுக்கொண்டிருந்தார். பெரியவளுக்கு ஒன்று, சின்னவளுக்கு ஒன்று என்று வாங்கினோம். அந்த அம்மா என் வீட்டுக்காரரை உற்றுப் பார்த்தார். பிறகு என் முதுகிலிருந்த சின்னவளைப் பார்த்தார்.

“அன்னைக்குத் தூக்கிட்டு வந்தீங்களே, அந்தப் பாப்பாவா இது? தொப்பியப் போட்டுக்கிட்டு அசையாமத் தூங்குச்சே. என்ன சமத்துன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.”

அவர் முகத்தில் ஈயாடவில்லை. “வேற யாரையோ சொல்றாங்க,” என்று முணுமுணுத்துவிட்டு மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் நடையைக் கட்டினார்.

பொம்பளை என்றால்கூட ஒரு மாதிரி தயாராகத்தான் இருந்தேன், நேற்றிலிருந்து அவளுக்கு ஒரு முகம், ஒரு புடவை எல்லாம் கொடுத்து வைத்திருந்தேன். பிள்ளை! என் பிள்ளை அந்தச் செவ்வாய்க்கிழமை பகல் முழுக்க என் அம்மா வீட்டில் இருந்தாள். அப்படியானால் அது யார் பிள்ளை? பத்து வருஷக் குடித்தனம், இரண்டு பெண்கள், எல்லாம் காலடியில் வழுக்கிக்கொண்டு போவது போல் இருந்தது. சின்னவள் ஒன்றும் தெரியாமல் என் பின்கழுத்தில் சோளத்தை உதிர்த்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு முத்தாகச் சட்டைக்குள் இறங்கியது.

மூன்றாவது அருவிக்கு முன்னால் ஓடையைக் கடக்க வேண்டும். முழங்கால் ஆழம்தான், ஆனால் இழுப்பு அதிகம். வரிசையாகக் கற்கள் போட்டு, ஒரு பக்கம் சங்கிலி கட்டியிருந்தார்கள். பெரியவளைக் கரையிலேயே நிற்கச் சொல்லிவிட்டு அவரை மரத்தடிக்கு அழைத்தேன்.

“ஏங்க, அது யார் பிள்ளை?”

“என்ன பிள்ளை?”

“என்னைய கத்த வைக்காதீங்க. பொண்ணு பாக்குறா. செவ்வாக்கெழம நீங்க தூக்கிட்டு வந்த பிள்ளை.”

சங்கிலியைப் பார்த்தார். பிறகு சொன்னார். “பிள்ளை இல்ல. மணல்.”

“என்னது?”

“மணல் மூட்டை. பதினாலு கிலோ. புது லிஃப்ட் போட்டா முதல்ல ஆளையா ஏத்துவோம்? மூட்டைய ஏத்தி ஓட்டிப் பாத்துட்டுத்தானே ஆள விடுவோம். அதான்... சின்னவளத் தூக்கிட்டு ஏற முடியுதான்னு பாக்க வந்தேன். வாசல்ல காவலர் ஒவ்வொருத்தர் பையையும் எட்டிப் பாத்துட்டிருந்தாரு. மணல் கடத்துறேன்னு நெனப்பாரேன்னு, துண்டச் சுத்தி அவ தொப்பிய மேல மாட்டிட்டேன்.”

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆனால் நம்பினேன். பொய் சொல்கிறவர்கள் இவ்வளவு கோணலாகச் சொல்ல மாட்டார்கள், நேர்த்தியாகக் கொண்டுவருவார்கள். அது என் தொழில் அனுபவம். தலையிலிருந்து பாறாங்கல் இறங்கிய மாதிரி ஒரு நிமிஷம் இருந்தது. ஒரே ஒரு நிமிஷம்.

“அவள மூணு வருஷமா நீங்கதானே தூக்குறீங்க. இப்ப என்ன புதுசா பாக்கறதுக்கு?”

இடது கையைத் தூக்கிக் காட்டினார். காட்டிவிட்டு, அதில் பார்க்க ஒன்றுமில்லையே என்பது போல அவரே அதைப் புரட்டிப் பார்த்தார்.

“மூணு மாசமா இது அப்பப்ப மரத்துப் போகுது. ஸ்பேனரப் பிடிச்சிருக்கேன்னு நெனச்சுட்டிருப்பேன், கீழ விழுந்த சத்தம் கேட்டாத்தான் தெரியும். அன்னைக்கு இந்தச் சங்கிலியப் பிடிச்சுத்தான் தாண்டினேன். பாதியில கை விட்டுடுச்சு. மூட்டையோட சாஞ்சுட்டேன். மூட்டைதானேன்னு சிரிச்சுக்கிட்டேதான் எந்திரிச்சேன். அப்பறம் பாத்தா... அவ தொப்பி தண்ணில போயிட்டிருக்கு.”

இந்தக் கையை வைத்துக்கொண்டா பதினைந்து மாடி லிஃப்ட் குழிக்குள் தினமும் தொங்குகிறார்?

“டாக்டர்ட்ட காட்டினீங்களா?”

“காட்டினா வேலைக்கு லாயக்கில்லன்னு எழுதிக் குடுத்துடுவாங்க. அப்பறம் கம்பெனியில மேல ஏற விடமாட்டாங்க. கீழ உக்காந்து என்ன பண்றது நான், வருகைப் பதிவேடு எழுதறதா?”

“அடப்பாவி மனுஷா! எங்கிட்டயாவது சொல்லக் கூடாதா?”

“உங்கிட்ட சொன்னா கேள்வியா கேப்ப.”

கேட்பேன்தான். கேட்கத்தான் நாக்கு துடித்தது. எந்த விரலில் ஆரம்பித்தது, எந்த நேரத்தில், எத்தனை நிமிஷம்? அதையெல்லாம் விழுங்கிவிட்டு என் கையை நீட்டினேன்.

“அந்தக் கையால என் மணிக்கட்டப் பிடிங்க. எவ்வளவு முடியுமோ அவ்வளவு பலமா.”

பிடித்தார். தாடை இறுகியது, கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றியில் வியர்வைகூட அரும்பியது. என் மணிக்கட்டில் ஒரு துணி சுற்றியது போல இருந்தது, அவ்வளவுதான். சின்னவள் இதைவிட இறுக்கிப் பிடிப்பாள்.

“ரொம்ப அழுத்திட்டேனா?” என்றார், பிள்ளை மாதிரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு. “வலிக்குதா?”

எத்தனை பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்தவள் நான். “ஆமா, வலிக்குது. விடுங்க,” என்றேன்.

அவர் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டுமே. மூன்று மாதமாக அந்த முகத்தில் என்ன குறைகிறது என்று தெரியாமலே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். “இன்னைக்குப் பரவால்ல போலிருக்கு,” என்றார். “அப்பா, வாங்க! எவ்வளவு நேரம்!” என்று பெரியவள் கரையிலிருந்து கத்தினாள். அவர் விறுவிறுவென்று போனார். முதல் கல்லில் ஏறினார், வலது கையால் சங்கிலியைப் பிடித்துக்கொண்டார், இடது கையை அவளிடம் நீட்டினார். அவள் ஒரு யோசனையுமில்லாமல் அதைப் பிடித்துக்கொண்டு குதித்து ஏறினாள்.

என் வாய்க்கு வந்தது அந்தக் கை வேண்டாம் என்றுதான். பெண்ணுக்கு முன்னால் அதை எப்படிச் சொல்வது? ஷூவைக்கூடக் கழற்றாமல் தண்ணீரில் இறங்கினேன். கற்களுக்குக் கீழ்ப்பக்கமாக, அவர்களுக்கு ஒரு எட்டு தள்ளி, இழுப்புக்கு எதிராகக் காலை ஊன்றிக்கொண்டேன். குளிர் எலும்பு வரை ஏறியது.

“அம்மா, நனையுது,” என்றாள் சின்னவள் முதுகிலிருந்து.

“நனையட்டும்டா செல்லம். கெட்டியாப் பிடிச்சுக்கோ.”

இரண்டாவது கல். மூன்றாவது கல். நான் அவர்களோடு கூடவே பக்கவாட்டில் நகர்ந்தேன். அப்போதுதான் அவர் திரும்பிப் பார்த்தார். முழங்கால் தண்ணீரில், பிள்ளையை முதுகில் சுமந்துகொண்டு, இரண்டு கைகளையும் அகல விரித்து நான் நின்ற கோலத்தைப் பார்த்தார். கைகளை மடக்கிக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. அவர் கண் என் மணிக்கட்டுக்குப் போனது. சங்கிலியை விட்டுவிட்டு, மகளின் கையை வலது கைக்கு மாற்றிக்கொண்டார். இடது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார்.