பூமாரியின் துண்டு

பம்பாயில் ட்ராம் ஓட்டம் நின்றுபோன வருஷம், மாதுங்கா மிருக ஆஸ்பத்திரியில் உதவியாள் பூலோகத்தின் ராஜாங்கமும் ஆட்டம் கண்டது.

டாக்டர் வேங்கடசுப்ரமணியன் ஊசியை எடுத்தால் மேஜையின் தலைமாட்டில் நிற்பவன் பூலோகம்தான். எப்பேர்ப்பட்ட நாயானாலும் துணி நாடாவால் வாயைச் சுற்றி, தாடைக்குக் கீழே ஒரு முடிச்சு, காதுக்குப் பின்னால் ஒரு முடிச்சு. அப்புறம் பெட்டிப் பாம்புதான். பூனையைப் பிடரியோடு பற்றி அமுக்குவான். கையெல்லாம் கீறல். அதைத் தாராவியில் காட்டிப் பெருமையடித்துக்கொள்வான்.

கூட்டிப் பெருக்க வந்த பூமாரி ஒருநாள் ஒரு முரட்டுப் பூனையைத் துண்டில் சுருட்டி, தலை மட்டும் வெளியே தெரிய, பிள்ளையைப் போல ஏந்தி வந்தாள். பூனை சிணுங்கக்கூட இல்லை. அன்று முதல் டாக்டர் வாயில் ஒரே பேர்தான்.

பூலோகத்துக்கு வயிறு எரிந்தது. இன்றைக்குப் பூனை, நாளைக்கு நாய். அப்புறம் தலைமாடும் அவளுக்குத்தானே?

செம்பூர் மளிகைக்கடை வானமாமலை ஒரு சாக்கோடு வந்தார். உள்ளே அவர் கடைப் பூனை. எந்நேரமும் கல்லாவில் உட்கார்ந்திருப்பதால் அதற்குச் சேட்டு என்று பேர். காதில் சீழ்.

"பூமாரியைக் கூப்பிடு" என்றார் டாக்டர்.

அவள் கொல்லைக் குழாயடியில் இருந்தாள். பூலோகம் கூப்பிடவில்லை.

"துண்டுல சுத்துறது என்ன பெரிய வித்தையா? நான் பிடிக்கேன் டாக்டர்!"

ஆணியில் தொங்கிய துண்டை உருவி, சாக்கைவிட்டு வெளியே வந்த சேட்டின்மேல் போர்த்தினான். அவ்வளவுதான், துண்டுக்குள் வெடி வைத்த மாதிரி இருந்தது. சேட்டு அவன் கையைக் கடித்துக் குதறிவிட்டு மருந்து அலமாரியின் உச்சிக்குப் பாய்ந்தது.

"ஏல, பிடிக்கச் சொன்னா கொல்லவாடே பாக்க?" என்று வானமாமலை கத்தினார்.

ஈரக் கையோடு ஓடி வந்த பூமாரி, பூலோகத்தின் கையிலிருந்த துண்டைப் பார்த்தாள்.

"ஐயோ அண்ணாச்சி, அது நாய்த் துண்டுல்லா! காலையில அல்சேஷன் குட்டியச் சுத்துனது. நாய் வாடை அடிச்சா பூனை சும்மா இருக்குமா?"

அவள் ஜன்னலைச் சாத்தி, தகரப் பெட்டியிலிருந்து வேறு துண்டை எடுத்தாள். சேட்டின் மூச்சு அடங்கும் வரை காத்திருந்து, பின்பக்கமாகப் போர்த்தி இறக்கினாள். காது சுத்தமாயிற்று.

அடுத்தது பூலோகத்தின் முறை. டாக்டர் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி டிங்சரை எடுத்ததும் அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"பூமாரி, இவனைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ!"

முழங்கையைத் துண்டோடு சேர்த்து அவள் பிடித்தாள். அழுத்தவே இல்லை; ஆனால் அவனால் அசைக்க முடியவில்லை. அதுதான் டிங்சரைவிட எரிந்தது.

"இது எந்தத் துண்டுட்டீ?" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நாய்த் துண்டுதான் அண்ணாச்சி. நல்லத எதுக்குக் கெடுக்கணும்?"

வானமாமலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அதற்குள் வாசலில் ஒரு பெரிய நாய் உறுமியது. டாக்டர் பூலோகத்தின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். நாடாவைப் பூமாரியிடம் நீட்டினார்.

முடிச்சுத் தவறட்டும் என்று பூலோகம் மனசுக்குள் வேண்டிக்கொண்டான். தாடைக்குக் கீழே ஒன்று, காதுக்குப் பின்னால் ஒன்று. அச்சு அசல் அவன் போட்ட முடிச்சு.

"இத எங்கட்டீ படிச்ச?"

"உங்களத்தான் தினமும் பாத்துக்கிட்டு இருக்கேனே அண்ணாச்சி!"

அவன் ஒருநாளாவது அவளைப் பார்த்தானா? பார்த்ததெல்லாம் டாக்டர் முகத்தைத்தான்.

தலைமாட்டில் இடமில்லை. நாயின் பின்னங்காலைப் பிடிக்க நல்ல கையை நீட்டியபடி பூலோகம் வால்பக்கம் போய் நின்றான்.