ஈரல் துண்டு

...இல்லை, அதைப் பொய் என்று சொல்ல முடியாது, காகிதத்தில் இருந்ததை முழுதும் வாசித்துக் காட்டவில்லை, அவ்வளவுதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே நேசகுமார் ஆஸ்பத்திரி லேப்பில் தசை சீவும் இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றினான், மெழுகுக் கட்டிக்குள் இருந்த ஈரல் வெங்காயச் சருகைவிட மெல்லிசாக வெட்டுப்பட்டு நாடாவாக நீண்டது, இன்று நாடா இரண்டு முறை அறுந்துவிட்டது. வெளியே வராந்தா பெஞ்சில் சென்னம்மா உட்கார்ந்திருக்கிறாள். வடமாலபேட்டையிலிருந்து முதல் பஸ் பிடித்துச் சித்தூருக்கு வந்திருக்கிறாள், டாக்டரம்மாவைக் கேட்கவில்லை, லேப்காரரைத்தான் பார்க்கணும் என்றாளாம். எதற்கு? யாராவது சொல்லிவிட்டார்களா? மூன்று வாரத்துக்கு முன்னால் அவளுடைய இரண்டு வயதுப் பிள்ளை வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, இந்த மிஷன் ஆஸ்பத்திரியில்தான் இறந்தது. இந்த வருஷம் இப்படிப் போனவற்றில் அது ஒன்பதாவது குழந்தை, ஈரலை உருப்பெருக்கிக்கு அடியில் வைத்துப் பார்த்தாலொழியக் காரணம் பிடிபடாது, பெற்றவர்களிடம் விளக்கிச் சம்மதம் வாங்கு என்று டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும்போலக் காகிதத்தைக் கொடுத்தார். நேசகுமார், பிள்ளையின் தகப்பன் எத்திராஜின் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றி, "புள்ளைய எடுத்துக்கினு போறதுக்குப் பேப்பர்" என்றான். அழுதுகொண்டிருந்த மனிதனிடம் வேறெப்படிச் சொல்வது... சொல்லியிருக்கலாம், ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.

கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். திட்டப் போகிறாள், திட்டட்டும், எத்திராஜ் ஏன் வரவில்லை, கேட்டில் ஆட்களோடு நிற்கிறானோ? சென்னம்மா எழுந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"குளுப்பாட்டறப்போ பார்த்தேங்கய்யா, வயித்துல தையல் இருந்துது. அவருகிட்ட சொல்லலே. உசிரு இருக்கறப்போ அறுத்தீங்களா, போனதுக்கப்புறமா?"

"அப்புறந்தாம்மா. உசிரு போயி ரெண்டு மணி நேரம் கழிச்சு."

"அப்போ அதுக்கு வலிச்சிருக்காது."

"வலிச்சிருக்காதும்மா."

அவள் பெஞ்சில் மெல்ல உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள், தோள்கள் குலுங்கின. மூன்று வாரமாக இந்த ஒரு கேள்வியோடா இவள் சோறாக்கினாள், புருஷனுக்குப் பரிமாறினாள், படுத்தாள்? இத்தோடு போய்விடுவாள், இனி ஒன்றும் சொல்லவேண்டாம், ஆனால் வாய் தானாகத் திறந்தது.

"ஈரல்லே ஒரு துண்டு எடுத்தோம்மா. ஏன் இந்த நோவு வருதுன்னு பார்க்க. உங்க வூட்டுக்காரர் கைநாட்டு வெச்சது அதுக்குத்தான். நான்தான் சொல்லாம வாங்கிட்டேன்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வயிற்றில் கையை வைத்தாள்.

"எனக்கு இப்போ நாலு மாசம். அதைப் பார்த்தா இதுக்கு வராம தடுக்க முடியுமா?"

"தெரியலேம்மா. இன்னும் தெரியலே."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனேய்யா" என்றாள், அதில் கோபம்கூட இல்லை, மத்தியான பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்து நடந்தாள்.

அவன் உள்ளே வந்தான், சக்கரத்தில் கையை வைத்தான், சுற்றவில்லை. இரக்கத்தால்தானே மறைத்தேன்... இரக்கமா? இவர்களுக்கு என்ன புரியப்போகிறது என்று அன்றைக்கே மனசில் தோன்றியதே, அதற்கு என்ன பெயர்? பீரோவில் ஒன்பது காகிதங்கள் இருக்கின்றன, ஒன்பது கட்டைவிரல் ரேகைகள், பிள்ளையைப் பறிகொடுத்த பலமனேர்க்காரர், சத்தியவேட்டுக்காரர், முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன, விஷயத்தைச் சொன்னால் இவர்கள் யாரும் சம்மதிக்க மாட்டார்கள் என்றுதானே இத்தனை நாளும் தனக்குத்தானே நிச்சயமாகச் சொல்லி வந்தான்... யோசித்துப் பார்த்தால், அவர்களில் ஒருவரையும் அவன் கேட்டதே இல்லை.