வீட்டுக்காரிக்கு எதுக்கு ஜூடோ?

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அன்றைக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. பின்னே என்ன? இருபத்தொரு வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக ஓடி ஓடிக் கால் தேய்ந்த பெண்டாட்டியைக் கூப்பிட்டு மேற்பார்வையாளர் பதவி கொடுக்கிறார்கள். தனி அறை, சுழல் நாற்காலி, கதவில் பெயர்ப்பலகை. அந்த மகராசி என்ன செய்தாள் தெரியுமா? "சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் இருக்கணுமா? அப்ப வேண்டாங்க, ஆறு மணிக்கு எனக்கு ஜூடோ வகுப்பு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். நல்லவேளை, ஆஸ்பத்திரிக்காரர்களுக்குப் பொறுமை ஜாஸ்தி. திங்கட்கிழமை வரைக்கும் யோசிக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அவள் எங்கே யோசித்தாள்? யோசனையெல்லாம் மெக்கானிக்குக்குத்தான். மூன்று வருஷமாகச் செவ்வாய், வியாழன், சனி ஆனால் போதும், வெள்ளை உடுப்பை மடித்துப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஏதோ இடுப்புவலிக்குப் போகிறாள் என்று அவரும் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தார். இப்போது அது பதவியையே முழுங்கிவிட்டு நிற்கிறது.

"நாப்பத்தஞ்சு வயசுல பாயில உருளுறதுக்காக யாராவது பதவியை விடுவாங்களா? அப்படி என்னதாம்மா இருக்கு அதுல?"

"சொன்னா உங்களுக்குப் புரியாது" என்றாள். அவ்வளவுதான். மாமனாருக்கு மாத்திரை கொடுக்கும் நேரம் என்று உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஒரு கட்டடத்தில் லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்து இரும்புக் கயிற்றைத் துடைத்துக்கொண்டே, கூட வேலை செய்யும் குட்டையனிடம் மனசிலிருப்பதைக் கொட்டினார். குட்டையன் ஆறடிக்கு மேல் உயரம். பெயர் வைத்தவனைச் சொல்ல வேண்டும். அவன் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு தாடையைச் சொறிந்தான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. வெளியில அண்ணிக்கு எதிரி யாராவது இருக்காங்களா?"

"சேச்சே! அவளுக்கா?"

"அப்ப வீட்டுலதான் இருக்கணும்."

"வீட்டுல எங்கப்பாதான்டா இருக்காரு. அவரு எந்திரிச்சு நிக்கவே ஆள் பிடிக்கணும்."

"வேற யாரு இருக்கா?"

மெக்கானிக் வேறு யார் என்று யோசித்தார். பிறகு துடைப்பதை நிறுத்தினார்.

"அடியாத மாடு படியாதுன்னு அண்ணி முடிவு பண்ணிட்டாங்கண்ணே" என்றான் குட்டையன் துக்கம் விசாரிக்கும் குரலில். "மூணு வருஷமா அதுக்குத்தான் தயாராகுறாங்க. பதவி வேண்டாம்னா என்ன அர்த்தம்? நாள் நெருங்கிடுச்சு."

குட்டையன் பேச்சைக் கேட்கிறவனுக்கு மூளை இருக்காது என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். மெக்கானிக்குக்கும் தெரியும். ஆனால் மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும்? அன்று முழுக்க அவர் தன் பாவங்களை ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். சாப்பாட்டு நேரத்துக்குள் கைவிரல் தீர்ந்துவிட்டது.

அந்த வாரம் வீட்டில் நடந்த கூத்தைக் கேளுங்கள். பாத்திரம் கழுவினார். ஈரத்துண்டைக் கொடியில் போட்டார், அதுவும் உதறி. புதன்கிழமை, "நீ ரொம்ப இளைச்சிட்டம்மா" என்று வேறு சொன்னார். அவள் மருந்துப் பெட்டியைத் திறந்து ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையை எடுத்து அவர் கையில் சுற்றினாள். அழுத்தம் நிஜமாகவே எகிறிக் கிடந்தது.

"உப்பைக் குறைங்க" என்றாள்.

சனிக்கிழமை வந்தது. அவளுக்கு முன்னாலேயே போய் அந்த ஜூடோ மாஸ்டரைப் பார்த்து, 'ஐயா சாமி, என் பெண்டாட்டி பெயரை வெட்டிவிடுங்கள்' என்று கெஞ்சியாவது முடித்துவிட வேண்டும், திங்கட்கிழமை அவளைச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்துவிட வேண்டும் என்பது அவர் திட்டம். வகுப்பு ஒரு டயர் கடையின் மாடியில். மாஸ்டர் என்றதும் மலை மாதிரி ஆளை எதிர்பார்த்துப் படியேறினார். பார்த்தால் ஒல்லிப்பிச்சான். பகலில் சாவி செய்கிறவராம். காதில் பென்சில்கூட இன்னும் அப்படியே இருந்தது.

"உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்று பாயில் கால் வைக்கப் போனார் மெக்கானிக்.

"ஏய்!" என்று ஒரு அதட்டல். அந்த உடம்பிலிருந்து அந்தச் சத்தம் எப்படி வந்ததோ! "உடுப்பு போடாம பாயில ஏறக்கூடாது. போட்டுட்டு வந்து பேசுங்க."

பேச வேண்டுமே என்று, ஆணியில் தொங்கிய யாருடைய உடுப்பையோ எடுத்துப் போட்டார். கால்சட்டை முழங்காலோடு நின்றுவிட்டது. வந்து நின்றதும் பேச விட்டார்களா? "புது ஆளா? வாங்க, முதல்ல விழுந்து பழகுங்க" என்று ஓர் ஓரத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். பின்பக்கமாகச் சாய வேண்டும், தலையைத் தூக்கிக்கொள்ள வேண்டும், கையால் பாயை ஓங்கி அறைய வேண்டும்.

"யோவ், இருபத்தஞ்சு வருஷமா எதுவும் விழாம பாத்துக்கறதுதான்யா என் பொழைப்பு!" என்று கத்திக்கொண்டே விழுந்தார்.

பக்கத்தில் ஒரு தபால்காரர் அலுங்காமல் விழுந்து எழுந்துகொண்டிருந்தார். பதினாலு வருஷமாக வருகிறாராம்.

"எதுக்குங்க வர்றீங்க?"

"நாய்த் தொல்லை. ஒரு தெரு விடாம துரத்தும்."

"இப்ப துரத்துறதில்லையா?"

"துரத்துது. கடிக்கவும் செய்யுது. ஆனா இப்பல்லாம் அழகா விழறேன்" என்றார் தபால்காரர் பெருமையாக.

அந்தப் பக்கம் கோர்ட்டில் டைப் அடிக்கிற அம்மா ஒருத்தி. "நாள் பூரா அடுத்தவங்க சொல்றதையே அடிக்கிறேன். இங்க வந்து 'ஏய்'னு கத்துறேன் பாருங்க, அது ஒண்ணுதான் என் சொந்த வார்த்தை" என்று சொல்லி, அவர் காதருகிலேயே கத்திக் காட்டினாள். பதினாலு வருஷத்தில் ஒரு நாயைக்கூட ஜெயிக்கவில்லை, இதுகள் ஒரு கூட்டம்! இந்தப் பைத்தியங்களிடமா என் பெண்டாட்டி மாட்டியிருக்கிறாள் என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போதுதான் அவள் உள்ளே வந்தாள். புருஷனைப் பார்த்தாள். கால்சட்டையைப் பார்த்தாள். பாய்க்கு வணக்கம் வைத்துவிட்டு வரிசையில் போய் நின்றாள்.

அங்கே ஒரு வழக்கம். இரண்டு வரிசை எதிரெதிராக நிற்கும். எதிரில் யார் நிற்கிறார்களோ அவர்தான் ஜோடி. ஆள் மாற்றக் கேட்கக்கூடாது, மாஸ்டருக்கே அந்தச் சலுகை கிடையாது. மெக்கானிக் ஓரத்திலிருந்து எழுந்து, கிடைத்த இடத்தில் நின்றார். நிமிர்ந்தால் எதிரில் அவள்.

ஒரு கையால் அவர் சட்டைக் காலரையும் மறு கையால் சட்டைக் கையையும் பிடித்தாள். அவ்வளவுதான், மனுஷன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"பச்சைக் குடையை பஸ்ல விட்டது நான்தான்! உங்கண்ணன் இல்ல!"

பிடி அசையவில்லை. சரி, போதவில்லை போல என்று நினைத்தார்.

"நீ வாங்கிக் குடுத்த நீலச் சட்டை தொலையல! அதுல கிரீஸ் துடைச்சிட்டேன்! உங்கம்மா ஃபோன் பண்றப்பல்லாம் லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டேன்னு சொன்னதும் பொய்! எட்டு தடவையும் பொய்!"

மாடியிலிருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தபால்காரர் மட்டும், "இந்த லிஃப்ட் சாக்கு நல்லா இருக்கே" என்று முணுமுணுத்தார்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பென்றால் அப்படியொரு சிரிப்பு. காலரைப் பிடித்தபடியே அவர் தோளில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள்.

"உங்களைத் தூக்கிப் போடுறதுக்கா மூணு வருஷம் படிக்கிறேன்? அதுக்கு மூணு நாள் போதுமேங்க!"

"அப்ப எதுக்குத்தான்?" அவர் கண்ணைத் திறந்தார். "எங்கிட்ட சொல்லக்கூட மாட்டேங்கிற. என்னை விட்டுட்டே போயிடுவியோன்னு பயமா இருக்கும்மா."

அவள் சிரிப்பு நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"காலையில வார்டுக்குள்ள நுழைஞ்சதுலேர்ந்து யாரும் விழாம பிடிச்சுக்கறதுதான் என் வேலை. கட்டில்லேர்ந்து விழாம, பாத்ரூம்ல விழாம, படியில விழாம. வீட்டுக்கு வந்தா உங்கப்பாவைப் பிடிச்சுக்கணும். எனக்கு ஒரு நாள் கால் தடுக்கினாகூட, ஐயோ நான் விழுந்தா எல்லாரும் விழுந்துடுவாங்களேன்னு சுவத்தைப் பிடிச்சுக்கறேன். அந்தச் சுழல் நாற்காலியில உக்காந்தா இன்னும் நாப்பது நர்ஸையும் சேத்துப் பிடிக்கணும்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இங்க ஒரு இடத்துலதான் நான் விழலாம். யாரும் பதற மாட்டாங்க. விழுந்தா, நல்லா விழுந்தேன்னு சொல்றாங்க."

அவளை விழாமல் பிடிக்க ஒரு ஆள் வேண்டுமே என்று இத்தனை வருஷத்தில் மெக்கானிக்குக்குத் தோன்றியதே இல்லை. வெட்கமாக இருந்தது.

"என்னைத் தள்ளுங்க" என்றாள் அவள்.

"நானா? உன்னையா?"

"என் காலுக்குப் பின்னால உங்க காலைக் கொண்டுவந்து தட்டிவிடுங்க. மேல ஒரு தள்ளு. என் சட்டைக் கையை மட்டும் விட்டுடாதீங்க, அதைப் பிடிச்சிருந்தாதான் எனக்கு அடிபடாது."

அவர் தட்டினார். முதல் தடவை தன் காலையே தட்டிக்கொண்டு தள்ளாடினார். டைப்பிஸ்ட் அம்மா கத்தி உற்சாகப்படுத்தினாள். இரண்டாம் தடவை அவள் காற்றில் சாய்ந்து, பளாரென்று பாயில் அறைந்து, முழுசாக விழுந்தாள்.

விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடிக் கிடந்தாள். நெற்றியில் எப்போதும் இருக்கும் சுருக்கம் இல்லை. இந்த முகத்தை அவர் இருபது வருஷமாக எங்கேயும் பார்த்ததில்லை.

மாஸ்டர் கை தட்டினார். "ம், எந்திரிங்க, எந்திரிங்க! அடுத்த ஜோடி வரணும்!"

மெக்கானிக் அவள் சட்டைக் கையை விடாமல் அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"கொஞ்சம் பொறுங்க மாஸ்டர்" என்றார். "அவ கிடக்கட்டும்."