போர்வை கழற்றிய விண்மீன்

கண்காட்சிச் சுவரில் ஒரு கட்டுரைக்குத்தான் இடம் மிச்சமிருந்தது. அந்த இடம் தனக்குக் கிடைக்க வேண்டும் என்று றவூப் மூன்று கிழமையாகத் தவமிருந்தார். ஓட்டமாவடி அரிசி மில்லில் நெல் அவிக்கிற மனிசன். ஐம்பது தாண்டித்தான் முதியோர் வகுப்பில் குந்தி எழுத்துக் கூட்டப் பழகினார். நாளைக்குக் கண்காட்சி. அதற்கு அவர் எழுதிய முதல் கட்டுரையைத் தமிழ் படிப்பிக்கும் தனுஷா டீச்சர் சிவப்புப் பேனையோடு வாசித்துக்கொண்டிருந்தார்.

"நெல்லப் பத்தி எழுதச் சொன்னா றவூப் காக்கா வானத்துக்குப் போய்த்தாரு," என்றான் மில்லில் கூட வேலை செய்து, வகுப்புக்கும் கூட வரும் இஷாம்.

"நெல்லத்தான் தினமும் பாக்கனே. வாய மூடுடா."

டீச்சரின் பேனை ஒரு வரியில் நின்றது. 'சூரியனைவிட எத்தனையோ மடங்கு கனத்த விண்மீன் தன் வெளிச்சத்தின் அழுத்தத்தாலேயே மேல்தோலை ஊதித் தள்ளுகிறது. தோல் கழியக் கழிய அதன் வெளிப்புறம் இன்னும் சூடாகிறது.'

"றவூப் நானா, இது பிழை போல கிடக்கு. போர்வையைக் கழட்டினா குளிரத்தானே வேணும்? இத வெட்டட்டா?"

அந்த வரி போனால் கட்டுரையே போச்சு. நூலகத்துப் புத்தகத்தில் எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்த விசயம். ஆனால் புத்தகம் இப்போது கையில் இல்லை. றவூப் செருப்பைக் கழற்றி, வலது காலை வாங்குப் பலகையில் தூக்கி வைத்தார். கணுக்கால் வரைக்கும் பழைய வெந்த தழும்பு.

"இதப் பாருங்க டீச்சர். மில்லுக்கு வந்த புதுசு. அவிச்ச நெல்லக் களத்துல குவிச்சிருந்திச்சி. மேலால தொட்டுப் பாத்தன், ஆறியிருந்திச்சி. பலகையால மேல் நெல்ல இழுத்துப் போட்டு, வெறுங்காலோட உள்ளுக்கு இறங்கினன். புதுசா வாற எல்லாரும் விடுற பிழைதான். நெருப்பு உள்ளுக்கு முன்னமே இருந்திச்சி டீச்சர், மேல் நெல்லுதான் அத மறைச்சிருந்திச்சி. அந்த விண்மீனும் அப்படித்தான். தோலு போனா நடுவுல கிடந்த சூடு வெளிய தெரியும். அதால வெளிச்சமும் நீலமாகும்."

டீச்சர் தழும்பைப் பார்த்தார், வரியைப் பார்த்தார். பேனையை மூடினார்.

"பிழை என்னோடது நானா. இந்தக் குவியல் கதையையும் கீழ சேத்து எழுதுங்க. சுவர்ல அந்த இடம் உங்கடதான்."

"காலுக்கும் ஒரு பரிசு குடுங்க டீச்சர்," என்றான் இஷாம்.

மறுநாள் கட்டுரைக்கு முன்னால் சனம் நெருங்கி நின்றது. றவூப் தன் கையெழுத்தைத் தானே உரத்து வாசித்தார். ஓரிடத்திலும் தடக்கவில்லை. கடைசி வரிகளுக்கு வந்ததும் குரல் தானாக உயர்ந்தது:

'தோல் முழுக்க இழந்த பிறகும் அது அணைந்து போவதில்லை. முடிவில் வெடித்து, தான் சமைத்ததை எல்லாம் வானத்தில் விதைக்கிறது. எங்கள் மில் கொதிகலனின் இரும்பும் ஒரு காலத்தில் அப்படி வெடித்த விண்மீன்களில் வெந்ததுதான்.'

முதலில் கைதட்டியவன் இஷாம்.