ஆளுக்கு ஒருமுறை

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கட்டுகஸ்தோட்டையில் நான் வேலை செய்யும் இரத்தப் பரிசோதனை நிலையத்தில், கவுண்டரில் இருக்கும் சர்மிளாவை வேலையை விட்டே போகச் சொல்லிவிட்டார் மெனேஜர் யோகேந்திரன். கெலிஓயா டீச்சர் ஒருவரின் கர்ப்பப் பரிசோதனை முடிவு அதே ஊர்க்காரர் ஒருவரின் போனில் தெரிந்ததாம். சர்மிளாதான் ஆள் மாற்றி அனுப்பினாளாம்.

"நான் அனுப்பவே இல்லக்கா. நேத்துல இருந்து எல்லாரும் ரிசல்ட்ட வெப்சைட்டுலதான பாக்குறாங்க?"

கலஹாவிலிருந்து பஸ் மாறி வருகிற பிள்ளை, பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

நேற்று வெப்சைட்டில் முடிவு காட்டும் அந்தப் பக்கத்தை எழுதியவர் யார்? இதே யோகேந்திரன்! பேர்ல் என்ற புரோகிராம் மொழியில் எழுதிய எங்கள் வெப்சைட்டுக்கு நான்தான் பொறுப்பு. ஆனால் அவர் ஒரு காலத்தில் புரோகிராமராம். என்னைக் கேட்காமலே கை வைப்பார். அவர் எழுதியதைத் திறந்து பார்த்தேன்.

ஒருவர் பக்கத்தைத் திறந்தால், அவர் யார், என்ன கேட்கிறார் என்பதெல்லாம் ஒரு ரிக்வெஸ்டாக வரும். புரோகிராமின் எல்லாப் பகுதிக்கும் அது தேவை. மனிதர் முதலில் வந்தவரின் ரிக்வெஸ்டை எடுத்து, எல்லாருக்கும் பொதுவான ஓரிடத்தில் வைத்துவிட்டார். ஏற்கெனவே ஒன்று இருந்தால் புதிதாக எடுக்காதே என்றும் எழுதியிருந்தார். சேர்வரோ ஓயாமல் ஓடுவது; நிறுத்தும்வரை வைத்தது அப்படியே இருக்கும். பிறகு யார் வந்தாலும் முதல் ஆளின் முடிவுதான் தெரியும். அந்த முதல் ஆள் டீச்சர்.

அவரிடம் போனேன்.

"ஒவ்வொரு இடத்திலையும் ரிக்வெஸ்டை எடுத்தா நேரம் போகும், பஸ்லினா. ஒருக்கா எடுத்தாக் காணும். நான் வீட்டில வடிவாப் பாத்தனான்."

வீட்டில் பார்த்தது அவர் ஒருவர்தானே, ஆள் மாறுவது எப்படித் தெரியும்!

"ஒருக்கா எடுங்க சேர். ஆனா ஆளுக்கு ஒருக்கா. அந்த ஆள் போனதும் விட்டுரணும்."

"அதைப் பிறகு பாப்பம். பிழை விட்டது அந்தப் பிள்ளைதான்."

பிறகாம்! வெளியாருக்குப் பக்கத்தை மூடினேன். பழையது அழிய, சேர்வரை நிறுத்தித் திரும்பத் தொடங்கி, அவருடைய ரிப்போர்ட்டை அவரையே திறக்கச் சொன்னேன். அடுத்து என் போனில், என் பெயரில் நுழைந்தேன். யோகேந்திரனின் பெயர், வயது, சீனி, கொலஸ்ட்ரோல் எல்லாம் வந்தன.

"இதையும் சர்மிளாதானா அனுப்பின, சேர்?"

அவர் பதறி எழுந்தார். "மூடுங்கோ பிள்ளை, ஆக்கள் பாக்கினம்!"

"அந்த டீச்சரையும் ஆக்கள் பார்த்தாங்க."

அவர் கவுண்டருக்குப் போய், வரிசையில் நின்றவர்கள் கேட்க, "பிழை என்ரை, சர்மிளா" என்று சொல்லும்வரை நான் போனை மூடவில்லை.